வேட்பாளருக்கு ஆறு ஆண்டு, ஓட்டுநருக்கு ஆயுள் முழுவதுமா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக ஒருமுறை நீதிமன்றத்தில் அபராதம் கட்டியவர், அந்தக் குற்றத்தைச் சாகும்வரை சுமக்க வேண்டும். இதுதான் இன்று நம் நாட்டின் நிலை. தண்டனையை முழுதாக அனுபவித்து முடித்து, அதன் பிறகு பத்தாண்டு, இருபதாண்டு ஒழுங்காக வாழ்ந்தாலும், அந்தப் பதிவை மூடிவையுங்கள் என்று கேட்பதற்கு வயதுவந்த ஒருவருக்கு இந்தியாவில் பொதுச் சட்டம் எதுவும் கிடையாது. நாடாளுமன்றம் இத்தனை காலம் இதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதையும், தன் கையில் உள்ள விதியைக்கூடத் திருத்த மாநில அரசு முன்வராததையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

போதை ஓட்டுநருக்குப் பரிந்து பேசத் திருத்தணிக்காரர்களான நமக்கு வாய் வராது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து நடந்து வருகிறவர்கள் சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையின் ஓரமாகத்தான் வருகிறார்கள். டிசம்பர் 31 இரவு படித்திருவிழாவுக்கு 365 படிகளையும் பாடிக்கொண்டே ஏற வரும் கூட்டம், ஊருலகமே புத்தாண்டுக் குடியில் இருக்கும் நேரத்தில்தான் சாலையைக் கடக்கிறது. அந்தச் சாலையில் போதையோடு வண்டியை விடுகிறவனைப் பிடிக்க வேண்டும், தண்டிக்க வேண்டும். உயிரைப் பறித்தவருக்காகவோ ஒருவரை முடமாக்கியவருக்காகவோ இங்கே எந்தச் சலுகையும் கேட்கவில்லை. யாருக்கும் காயமில்லாமல், சோதனையில் மட்டும் பிடிபட்டு, தண்டனையை ஏற்று, மறுபடி அந்தத் தவறின் பக்கமே போகாதவரைப் பற்றித்தான் பேசுகிறோம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு அவருக்கு என்ன சொல்கிறது? 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள தொகை இது. முன்பு 2,000 ரூபாய் வரைதான். இதோடு ஓட்டுநர் உரிமத்தை ஆறு மாதத்துக்குக் குறையாமல் முடக்கவும் 20ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குக் கட்டளையிடுகிறது. கடுமைதான். இருக்கட்டும், அதில் ஒரு ரூபாயையும் குறைக்கச் சொல்லவில்லை.

நாம் எதிர்ப்பது தீர்ப்பில் எழுதப்படாத தண்டனையை. பிடிபட்டவரின் வண்டி காவல் நிலையத்தில் நிற்கிறது. அது சரக்கு ஆட்டோவாக இருந்தால் வீட்டில் உலை வைப்பதே அதை நம்பித்தான். “ஒத்துக்கிட்டு ஃபைன கட்டிட்டு வண்டிய எடுத்துட்டுப் போப்பா” என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் ஒரே சட்ட ஆலோசனை. அவரும் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கட்டி, ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார். தான் ஒரு குற்றவியல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டவர் ஆகிவிட்டோம் என்பது அவருக்குத் தெரியாது, சொல்வாரும் இல்லை.

சில ஆண்டு கழித்து அவர் ஓர் அரசு வேலைக்குத் தேர்வாகிறார் என்று வையுங்கள். மத்திய அரசுப் பணிக்கான உறுதிமொழிப் படிவம் கேட்கிறது: கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, நீதிமன்றத்தால் அபராதம் விதிக்கப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா? எத்தனை ஆண்டுக்குள் என்ற வரம்பு அந்தக் கேள்வியில் இல்லை. ஆம் என்றால் வேலை கேள்விக்குறி. இல்லை என்றால் தகவலை மறைத்த குற்றம். அதற்காகவே வேலையை விட்டு நீக்கலாம். அவ்தார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், அற்பமான வழக்குகளில் வேலை தருபவர் மன்னிக்கலாம் என்றது. ‘மன்னிக்கலாம்’ என்பது அதிகாரியின் விருப்பம், ஓட்டுநரின் உரிமையாகாது.

தமிழ்நாடு காவல்துறையின் சார்நிலைப் பணி விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. காவலர் பணிக்கு விண்ணப்பிப்பவர் குற்ற வழக்கு எதிலும் தொடர்புடையவராக இருக்கக் கூடாது என்கிறது 14(ஆ) விதி. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து நீதிமன்றமே விடுவித்தவரையும் ‘வழக்கில் தொடர்புடையவர்’ என்றே கருத வேண்டுமாம். 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இந்த விதியை உறுதி செய்தது. விடுதலையானவர் கதியே இது என்றால் அபராதம் கட்டியவர் எங்கே நிற்பார்? பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தறியை விட்டு வெளியேறக் கிடைக்கும் வழிகளில் காக்கிச் சட்டையும் ஒன்று.

இதே சட்டப் புத்தகத்தின் வேறு பக்கங்களைப் பாருங்கள். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற அரசியல்வாதி, 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, விடுதலையாகி ஆறு ஆண்டு கடந்தால் மீண்டும் தேர்தலில் நிற்கலாம், வென்றால் அமைச்சராகலாம். 1967ஆம் ஆண்டு கடவுச்சீட்டுச் சட்டமும் ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டாண்டுச் சிறை பெற்றவரைக்கூட ஐந்து ஆண்டு வரைதான் தடுக்கிறது. காலம் ஒரு குற்றத்தின் கனத்தைக் குறைக்கும் என்பதைச் சட்டம் அறிந்தே இருக்கிறது. சட்டம் இயற்றுகிறவர்களுக்குப் பொருந்தும் அந்த அறிவு, லாரி ஓட்டுகிறவருக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போனது? இந்தக் கேள்விக்குச் சட்ட அமைச்சகம் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்.

போதை ஓட்டத்துக்கான பிரிவிலேயே அப்படி ஒரு காலவரம்பு இருந்தது என்பதுதான் கொடுமை. முதல் குற்றம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால்தான் இரண்டாம் குற்றத்துக்கான கூடுதல் தண்டனை என்று 185ஆம் பிரிவு முன்பு சொன்னது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தச் சொற்களை நீக்கிவிட்டது. இன்று இருபது வயதில் ஒருமுறை, அறுபது வயதில் ஒருமுறை என்றாலும் அது ‘இரண்டாம் குற்றம்’. இரண்டாண்டு வரை சிறை.

1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இரண்டாண்டுக்கு மேற்படாத சிறைக்குரிய முதல் குற்றம் என்றால் எச்சரித்து அனுப்ப அதன் 3ஆம் பிரிவு இடம் தருகிறது. தீர்ப்பால் வரும் தகுதியிழப்பை 12ஆம் பிரிவு விலக்குகிறது. ஆனால் அதைத் தண்டனை கொடுக்கும்போதே கேட்க வேண்டும். அபராதம் கட்டி முடித்து ஆண்டுகள் கழிந்தவருக்கு அதனால் பயனில்லை. மேலும், நன்னடத்தையில் விடுவது குற்றத்தீர்ப்பையே துடைத்துவிடாது என்று 1990இல் பக்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

கனடாவைப் பாருங்கள். அங்கே சட்டம் நம்முடையதைவிடக் கடுமை. 2018 டிசம்பரில் போதை ஓட்டத்துக்கான உச்ச தண்டனையைப் பத்தாண்டாக உயர்த்தினார்கள். நிரந்தர வசிப்புரிமைச் சீட்டோடு வாழும் ஈழத்தமிழரோ நம் ஊர்க்காரரோ சிக்கினால் நாடுகடத்தலே நேரலாம். அதே நாட்டில், தண்டனை முழுதும் முடிந்து சிறு வழக்கென்றால் ஐந்து ஆண்டும் பெரிய வழக்கென்றால் பத்து ஆண்டும் ஒழுங்காக இருந்தவர், தன் குற்றப்பதிவை நிறுத்திவைக்க விண்ணப்பிக்கலாம். 650 டாலரைத் தாண்டியிருந்த கட்டணத்தை ஏழைகளுக்கு எட்டவில்லை என்பதால் 2022இல் 50 டாலராகக் குறைத்தார்கள். வண்டி ஓட்டத் தடை இருந்தால் அது தொடரும். பதிவு மட்டும் ஒதுக்கி வைக்கப்படும். பிரிட்டனில் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம் 1974லேயே வந்துவிட்டது.

மாநில அரசு இதை டெல்லியின் வேலை என்று தட்டிக்கழிக்க முடியாது. 2003 முதல் சில்லறை மதுவை விற்பது டாஸ்மாக். நெடுஞ்சாலையோரக் கடைகளை 500 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு அரசு இருக்கிறது. பாட்டிலை விற்பதும், குடித்தவரைப் பிடிப்பதும், அபராதம் வாங்குவதும், பின்பு வேலைக்கு வந்தால் ‘குற்றப் பின்னணி உண்டு’ என்று அறிக்கை எழுதுவதும் ஒரே அரசு. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநிலமே சட்டம் கொண்டுவரலாம்.

யாருக்கும் காயம் ஏற்படாத முதல் குற்றத்துக்கு, தண்டனை முடிந்து ஐந்து ஆண்டு வேறு வழக்கில்லாமல் இருந்தவரின் பதிவை நீதித்துறை நடுவரே மூடிவைக்கும் சட்டம் வேண்டும். மூடிய பதிவைப் படிவத்தில் சொல்லாமல் விட்டால் அது மறைத்ததாகாது என்றும் அதில் எழுத வேண்டும். நீக்கிய மூன்றாண்டு வரம்பை நாடாளுமன்றம் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒப்புக்கொள்வதால் என்னென்ன வரும் என்பதை நடுவர் தமிழில், எல்லைப் பக்கத்தவருக்குத் தெலுங்கில், சொன்ன பிறகே அபராதத்தை எழுத வேண்டும். 14(ஆ) விதியைத் திருத்த நாடாளுமன்றம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். அடுத்த இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு அறிவிப்பு வெளிவருவதற்குள் உள்துறை அந்த அரசாணையைப் பிறப்பிக்க வேண்டும்.