அரக்கனுக்கும் பதவி உண்டு

சிலி நாட்டில் பால் ஷேஃபர் என்ற ஜெர்மானியர் 1961இல் தொடங்கிய கொலோனியா டிக்னிடாட் என்னும் குடியிருப்பு, சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியில் சித்திரவதைக் கூடமாகவும் இருந்தது. அதை வைத்து கிறிஸ்டோபால் லியோன், ஹோவாக்கின் கொசிஞா என்ற இருவர் 2018இல் ‘ஓநாய் வீடு’ என்றொரு அனிமேஷன் படம் எடுத்தார்கள். குடியிருப்பிலிருந்து தப்பிய மரியா காட்டுக்குள் ஒரு வீட்டில் இரண்டு பன்றிகளோடு ஒளிந்திருக்கிறாள். வெளியே ஓநாய் சுற்றுகிறது. பாட்டி கதைதான். ஆனால் சுவரில் தீட்டிய முகம் நம் கண்முன்னே புடைத்து எழுந்து, காகிதக் கூழும் ஒட்டுநாடாவுமாக உடம்பெடுத்து, மறுபடி சுவரிலேயே கரைந்துபோகிறது. குடியிருப்பே தன் பெருமையைப் பரப்ப எடுத்த படம் என்ற பாவனையில் கதை நடப்பதால், கதை சொல்லும் குரல் ஓநாயுடையது. அடி வயிற்றைக் கலக்குவது அந்தக் கனிவான குரல்தான்.

நம் தருமபுரி மாவட்டத்திலும் ஒரு கதையை முதலில் ஓநாய்தான் சொன்னது. 1992 ஜூன் 20 அன்று சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 269 பேர் புகுந்தார்கள். அரசு சொன்ன கதையில் அது சந்தனக் கட்டை தேடிய சோதனை. மக்கள் சொன்னதில், ஊரை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள், பதினெட்டுப் பெண்களை வன்கொடுமை செய்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். இரண்டாவது கதைதான் உண்மை என்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் சொல்ல 2011 செப்டம்பர் 29 ஆயிற்று. அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. முப்பத்தோரு வருடம் ஒரு பொய் உத்தியோக உடுப்போடு நடமாடியிருக்கிறது. இதைவிடப் பெரிய அரசியல் திகில் கதையை எவரும் கற்பனை செய்துவிட முடியாது. இதைத் திரையில் சொல்லத் தகுந்த வடிவம் இருண்ட அனிமேஷன்தான் என்பது நம் வாதம்.

முதல் காரணம் உடல். கேமராவுக்கு ஓர் உடல் வேண்டும். ‘விடுதலை’ படத்தின் முதல் பாகத்தில் (2023) பெண்கள் வதைக்கப்படும் காட்சியின் நோக்கத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதற்காக நடிகைகளை நிறுத்திவைத்துத்தான் ஆகவேண்டியிருந்தது, பார்வையாளரின் கண்ணும் அங்கேதான் போய் நின்றது. வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தைச் சட்டம் காக்கிறது. கோடும் வண்ணமும் அதே காவலைத் திரையிலும் தரும். டென்மார்க்கில் வாழும் ஆப்கான் அகதி ஒருவரின் வாழ்க்கையைச் சொன்ன ‘ஃப்ளீ’ (2021) அவர் முகத்தையும் பெயரையும் மறைத்தே அவர் பட்டதையெல்லாம் சொல்லிவிட்டது. இரண்டாவது காரணம் கதைநிலம். மலையடிவாரம், ஆலமரம், ஏரி, கிணறு, காடு: நம் குழந்தைகள் கேட்டு வளர்ந்த கதைகளின் இடங்கள் இவைதான். கதைகளில் காட்டுக்குள்ளிருந்து ராட்சசன் வருவான். வாச்சாத்தியில் அவன் காட்டைக் காப்பவன் என்ற பட்டத்தோடு வந்தான். அந்தத் தலைகீழ் மாற்றத்தைக் காட்ட மாயக்கதையின் மொழி கைகொடுக்கும்.

அனிமேஷன் குழந்தைகளுக்கானது என்ற மறுப்புக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். இரான் புரட்சியைச் சொன்ன ‘பெர்சபோலிஸ்’ (2007), லெபனான் போர்ப் படுகொலையைச் சொன்ன ‘வால்ட்ஸ் வித் பஷீர்’ (2008) இரண்டும் அதை எப்போதோ முடித்துவைத்துவிட்டன. ஆவணமாக நின்று ஜெயித்த வழக்கைக் கற்பனையாக்கினால் உண்மை நீர்த்துப்போகாதா என்ற கேள்வி கனமானது. பதில் நம் காலடியிலேயே கிடக்கிறது. தருமபுரி மாவட்டத்து நடுகற்கள் சிலவற்றைப் பாருங்கள். ஆநிரை கவர்ந்த பூசலில் விழுந்தவன் பெயரும் அரசனின் ஆட்சியாண்டும் எழுத்தில் இருக்கும்; கையில் வில்லும் வாளும், உடம்பில் தைத்த அம்புகளும் இருக்கும்; அதே கல்லில் வானமகளிர் அவனை அழைத்துப்போவதும் இருக்கும். ஆண்டுக் கணக்கும் தேவலோகமும் ஒரே கல்லில் இருப்பதால் ஆய்வாளர் எவரும் அந்தப் பூசலைப் பொய் என்று தள்ளிவிடவில்லை.

நம்மை உண்மையிலேயே தயங்கவைக்கும் மறுப்பு இன்னொன்று. குற்றவாளியை அரக்கனாக வரைந்தால் அவன் மனிதன் என்பதும், சம்பளம் வாங்கியவன் என்பதும் மறைந்துவிடும். அரக்கன் மேல் யார் வழக்குப் போடுவது? இதை நாம் ஏற்கிறோம். அதனால்தான் கொம்பும் கோரைப்பல்லும் வேண்டாம் என்கிறோம். இந்தக் கதையின் அரக்கர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடுபவர்கள், ஜீப்பில் வருபவர்கள், மேலதிகாரிக்கு அறிக்கை எழுதுபவர்கள். தண்டிக்கப்பட்டோரில் 126 பேர் வனத்துறை, 84 பேர் காவல்துறை, 5 பேர் வருவாய்த்துறை. இந்தக் கணக்கு படத்தில் அப்படியே வரவேண்டும். 1992இல் இருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் இருக்கும் அரக்கனின் உயிர் எங்கே என்று தேடும் கதைக்கு இங்கே விடை உண்டு: அது கோப்புக்குள் இருந்தது.

எந்தக் கலைஞர் இதில் கை வைத்தாலும் முதல் கோட்டை இழுப்பதற்கு முன் வாச்சாத்திப் பெண்களின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். தங்களை எப்படி வரைவது, எதை வரையவே கூடாது என்று சொல்லும் உரிமை அவர்களுடையது. அவர்கள் வேண்டாம் என்றால் இந்தத் தலையங்கத்தின் வாதம் முழுவதையும் ஓரமாக வைத்துவிடலாம்.