ஏடு மாறினாற் போதுமோ?

நோயாளியின் வரலாற்றைக் கிரமமாகக் குறித்து வைத்தல் வைத்தியத்திற் பாதி என்று கூறின் அது மிகையாகாது. எம்மருந்து ஒருவர்க்கு ஒவ்வாது, முன்னர் அவர்க்கு என்ன சிகிச்சை செய்யப்பட்டது என்பவை தக்க தருணத்திற் கைக்கெட்டாவிடின் உயிர்க்கே அபாயம் நேரலாம். இவை காகிதக் கட்டுகளிற் புதைந்து கிடவாதிருத்தற்பொருட்டே மின்னணுப் பதிவேடு தோன்றிற்று. அதனைச் சிறு வைத்தியசாலைகளிற் புகுத்துவது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் ஹைடெக் என்னும் சட்டம் கையொப்பமாயிற்று. அதன்படி, பதிவேட்டைப் பயனுறக் கையாளும் மருத்துவர்க்கு, முதியோர்க்குரிய மெடிகேர் வழியாக 44,000 டாலர் வரையிலும், வறியோர்க்குரிய மெடிகெய்டு வழியாக 63,750 டாலர் வரையிலும் ஊக்கத்தொகை வகுக்கப்பட்டது. 2015 முதல், அங்ஙனம் கையாளாதார்க்கு மெடிகேர் தொகையிற் பிடித்தமும் உண்டாயிற்று.

பொருளுதவியொன்றே போதும் என்பார் உளர். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று. ஓரிரு மருத்துவரே உள்ள வைத்தியசாலையில் எம்முறையைத் தெரிந்தெடுப்பது, பழைய ஏடுகளை எங்ஙனம் ஏற்றுவது, தாதியரைப் பழக்குவது யார், நோயாளியின் இரகசியத்தைக் காப்பது எவ்வாறு என்னும் வினாக்களுக்குப் பணம் விடையிறுக்குமோ? இதனை உணர்ந்தே அந்நாட்டார் 62 வட்டாரத் துணைநிலையங்களை நிறுவினர். 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உழவரிடத்தே சென்று புதுமுறைகளைக் கற்பித்த விரிவுப்பணியே இவற்றிற்கு முன்மாதிரி. முதல்நிலைச் சிகிச்சை அளிப்போர் ஒரு லட்சம் பேர்க்கு உதவுதல் இவற்றின் நோக்கமாயிருந்தது.

நிற்க. 2021-ஆம் ஆண்டளவில் அந்நாட்டுத் தனிமருத்துவமனை வைத்தியருள் நூற்றுக்கு 78 பேர் சான்றுபெற்ற பதிவேட்டை மேற்கொண்டிருந்தனர். ஆயின் 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 57 மருத்துவரை உடனிருந்து நோக்கியபோது, நோயாளியோடு கழியும் ஒரு மணிக்கு ஏறத்தாழ இரண்டு மணி பதிவேட்டிலும் மேசைப்பணியிலும் கழியக் கண்டனர். நோயாளியின் முகத்தை நோக்க வேண்டிய கண் திரையை நோக்கி நிற்பின் யாது பயன்?

இதுகொண்டு மீண்டும் காகிதத்தை நாடுதல் பேதைமை. குறை ஏட்டினதன்று, கணக்குக்கும் அறிக்கைக்குமென அதன்மேற் சுமத்திய பாரத்தினதே. பொறியை அமைத்த அன்றே துணைவர் விடைபெறலாகாது. சில திங்கள் கழித்து மீண்டும் வந்து, வேண்டாத வினாக்களை நீக்கி, எழுத்துவேலையைப் பிறரோடு பகிர வழிகாட்டுதல் வேண்டும். அதற்கும் பொருள் ஒதுக்குதல் அரசாங்கத்தின் கடமையாம்.

நம் நாட்டிலும் 2021 செப்டம்பர் 27-ஆம் நாள் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடெங்கும் தொடங்கப்பெற்றது. நம் தெருக்களிலுள்ள சிறு வைத்தியசாலைகட்கும் அத்தகைய துணைவர் வேண்டுமன்றோ? கணினிக் கலை பயிலும் மாணவரே, பொறியை ஆக்குவதோடு அமையாது, அதனைக் கையாளுவார் அருகில் அமர்ந்து அவர்தம் இடர்ப்பாட்டைக் கேட்டறிதலும் நும் கல்வியின் பகுதியெனக் கொள்வீராக.