அந்த இரண்டாவது மாத்திரை

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்னும் கம்பிவலை வைத்துக்கொண்டவர், பல் பிடுங்கப் போகிறோம் என்று ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டதாகக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2003இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தபோது, குழாய் மறுபடி சுருங்கும் தொல்லை தீர்ந்தது என்று பலரும் மகிழ்ந்தார்கள். 2006இல் பார்சிலோனாவில் கூடிய ஐரோப்பிய இதயநோய் மாநாட்டில் அதன் மறுபக்கம் பெரிதாகப் பேசப்பட்டது. தழும்புத் திசு வளராமல் தடுக்கும் அதே மருந்து, கம்பிவலையின் மேல் குழாயின் உள்தோல் படர்வதையும் தாமதப்படுத்துகிறது. மூடாத உலோகத்தில் தட்டணுக்கள் ஒட்டும். ரத்தம் உறைந்து குழாய் சட்டென அடைபடும். அது மாரடைப்பு, பலருக்கு மரணம். உள்தோல் மூடும்வரை ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் என்ற இந்த இரண்டாவது மாத்திரையும்தான் காவல். இன்றைய ஸ்டென்டுகள் மேம்பட்டவை. இந்த மாத்திரை சிலருக்கு ஓராண்டு, சிலருக்கு ஆறு மாதம், ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் இதய மருத்துவர். 2017இல் இந்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வைத்தது, நல்ல காரியம். ஆனால் விலை குறைந்தால் மட்டும் போதாது. டிஸ்சார்ஜ் நாளில் அந்த மாத்திரை எதற்கு, எத்தனை மாதம் என்று நோயாளிக்கும் வீட்டாருக்கும் தமிழில் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள் என்று மருத்துவமனைகளை மன்றாடிக் கேட்கிறேன்.