பரிசு அட்டை: பரிசா? கட்டளையா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

பரிசு என்ற சொல்லைக் கேட்டதும் மனம் மகிழ்வது இயல்பு. ஆனால் பெற்ற பரிசை எங்கே, எந்தத் தேதிக்குள் செலவிட வேண்டும் என்று வேறொருவர் கட்டளையிட்டால், அதைப் பரிசு என்று சொல்லலாமா? இன்று எங்கும் பரவிவரும் 'கிஃப்ட் கார்டு' எனும் பரிசு அட்டையைப் பற்றித்தான் கேட்கிறேன்.

சென்ற ஆண்டு வெளியூரில் நடந்த வினாடி வினாப் போட்டியொன்றில் எனக்கு முதற்பரிசு கிடைத்தது. ஆயிரம் ரூபாய் என்று மேடையில் அறிவித்தார்கள். கைக்கு வந்ததோ, ஒரு துணிக்கடையின் பெயர் பொறித்த பளபளப்பான அட்டை! வீட்டிற்கு வந்து அப்பாவிடம் நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தவர், "ஏம்ப்பா, இதைக் கொண்டுபோனா மளிகைக் கடையில எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அந்த வாரமே தேர்வுக் கட்டணம் கட்டவேண்டி வந்தது. ஆயிரம் ரூபாய் அட்டையை வீட்டில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினோம். அப்போதுதான் அப்பா கேட்ட கேள்வியின் பொருள் எனக்கு விளங்கியது.

அட்டைக்கு ஆறு மாதக் கெடு. கெடு முடியும் தறுவாயில் பேருந்து ஏறி நகரத்துக்குச் சென்றேன். அப்பாவுக்கு ஒரு சட்டை எடுத்தேன். விலை 849 ரூபாய். மீதி 151 ரூபாயைக் கேட்டேன். "பணமாகத் தர மாட்டோம், வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் கல்லாவில் இருந்தவர். தேடியதில் மிகக் குறைந்த விலையில் கிடைத்தவை 199 ரூபாய் காலுறைகள். கைப்பணம் 48 ரூபாயைச் சேர்த்து அவற்றை வாங்கினேன். அவற்றை அணிவதற்கேற்ற காலணி இன்றுவரை என்னிடம் இல்லை!

இதில் இலாபம் யாருக்கு? அட்டை விற்ற அன்றே கடைக்கு முழுத் தொகையும் வந்துவிடுகிறது. நாம் பொருள் வாங்கும்வரை அது கடைக்கு வட்டியில்லாக் கடன். நாம் மறந்துவிட்டாலோ, கெடு முடிந்துவிட்டாலோ, கடனும் தள்ளுபடி. மீதியை விட மனமில்லாமல் கூடுதலாக வாங்கினால் அதுவும் கடைக்கு வியாபாரமே.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. வங்கிகளும் அனுமதி பெற்ற பிற நிறுவனங்களும் வழங்கும் பரிசு அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கி 2021-இல் நெறிமுறைகளை வெளியிட்டது. மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, குறைந்தது ஓராண்டு செல்லுபடியாக வேண்டும், பணமாக மாற்ற இயலாது என்று அவை விதித்தன. ஆனால் ஒரு கடை தன்னிடம் மட்டும் பொருள் வாங்குவதற்காகத் தானே வெளியிடும் அட்டைக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை என்று அதே நெறிமுறைகள் ஒதுக்கிவைத்தன. என் கையில் இருந்தது அப்படிப்பட்ட அட்டைதான். அமெரிக்காவிலோ 2009-ஆம் ஆண்டுச் சட்டம் பரிசு அட்டைப் பணத்துக்குக் குறைந்தது ஐந்தாண்டு உயிர் கொடுத்தது. அங்குள்ள கலிபோர்னியா மாநிலத்தில், மீதி சிறு தொகையாக இருந்தால் கேட்பவருக்குப் பணமாகவே தர வேண்டும். அந்தப் பாதுகாப்பு நமக்கும் வேண்டாமா?

முதலாளியின் கடையில் மட்டும் செல்லும் வில்லைகளைக் கூலியாகக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்து 1831-இல் அம்முறையைத் தடுத்துச் சட்டம் செய்தது. நம் நாட்டின் 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டமும், கூலியைச் செலாவணியில் உள்ள நாணயமாகவோ நோட்டாகவோ தர வேண்டும் என்றது. பரிசு கூலி அன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் எல்லாக் கடையிலும் செல்லும் பணத்துக்கும், ஒரே கடையில் செல்லும் பணத்துக்கும் உள்ள வேறுபாடு இரண்டிலும் ஒன்றே அல்லவா?

"பணமாகக் கொடுத்தால் வீண்செலவு ஆகிவிடும், தொலைவில் இருப்பவருக்கு அட்டைதான் வசதி" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் காலத்தில் வசதி என்னும் வாதம் நிற்காது. வீண்செலவுக்கு என் காலுறைகளே சாட்சி. நம் வீட்டு விசேஷங்களில் 101 என்றும் 501 என்றும் மொய் எழுதுகிறோம். அது பந்தல்காரருக்குப் போகலாம், மளிகைக் கடைக்குப் போகலாம், வாங்கிய கடனுக்கும் போகலாம். இன்ன கடையில்தான் செலவிட வேண்டும் என்று மொய் எழுதியவர் சொல்வதில்லை. பெறுபவரை நம்பிக் கொடுப்பதுதான் நம் வழக்கம்.

எனவே பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி விழாக்களுக்கு உதவ முன்வரும் கடைக்காரர்கள் பரிசு அட்டைகளை நீட்டினால், அவற்றுக்குப் பதிலாகப் பணத்தைக் கேட்டுப் பெறுவோம். அதைப் பணமாகவே வழங்குவோம். அல்லது கல்லூரி முத்திரையிட்ட நல்ல நூலாக வழங்குவோம். நூலுக்குக் கெடு இல்லை. பணத்துக்குக் கடை பேதம் இல்லை. இவ்விரண்டில் எதை வீட்டிற்குக் கொண்டுசென்றாலும், "இது எங்கே செல்லும்?" என்று எந்தத் தந்தையும் கேட்கமாட்டார்.