ரத்தம் மட்டும் போதாது

தேன்கனிக்கோட்டையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் ஓசூர் ஆலைகள் இரவும் பகலும் இயங்குகின்றன. ஆலைகளின் வளர்ச்சியைக் கணக்கிட்டுச் சொல்லச் சர்க்காரிடம் புள்ளிவிவரங்கள் ஏராளம். அவ்வாலைகளில் கூலிவேலை செய்வோரின் குழந்தைகளும், அஞ்செட்டி மலைப்பக்கத்து இருளர் குழந்தைகளும் சரியாக வளர்கிறார்களா என்று பார்ப்பதும் சர்க்காரின் கடமையே. அவர்களுள் தலசீமியா என்னும் பரம்பரை ரத்த வியாதியுடன் பிறக்கும் குழந்தைகளைப் பற்றியே இன்று எழுதுகிறோம்.

1925-ல் அமெரிக்க டாக்டர் தாமஸ் கூலி விவரித்த வியாதி இது. கடுமையாகப் பீடிக்கப்பட்ட குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கொரு முறை பிறர் ரத்தம் ஏற்றியாக வேண்டும். ரத்தம் கிடைத்துவிட்டால் குழந்தை பிழைத்தது என்று பெற்றோர் நிம்மதியடைகிறார்கள். ஆனால், இரண்டாவது ஆபத்து அங்கேதான் ஆரம்பமாகிறது.

ஒரு பை ரத்தத்தில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மனித உடலோ நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிகிராம்தான் கழிக்க வல்லது. வருஷத்துக்கு 20 பை ஏற்றிக்கொள்ளும் குழந்தையின் உடலில் 4 கிராம் இரும்பு சேர்கிறது. திடகாத்திரமான மனிதனொருவனின் உடல் முழுவதிலும் உள்ள இரும்பே அவ்வளவுதான்! மிஞ்சிய இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் தங்குவதோடு, பிட்யூட்டரி, தைராய்டு, கணையம் முதலிய சுரப்பிகளிலும் படிந்து அவற்றைக் கெடுக்கிறது. ஹார்மோன்கள் குறைகின்றன. ஏறக்குறையப் பத்து வயதுக்குப்பின் உயரம் தடைப்படுகிறது. பருவம் தாமதிக்கிறது, அல்லது வருவதேயில்லை. சிலரை நீரிழிவும் பற்றுகிறது. பதினைந்து வயதாகியும் பெண் பெரியவளாகவில்லையே என்று தாயைத் தூற்றுவது நம் நாட்டு வழக்கம். குற்றம் தாயினுடையதன்று, வெளியேற்றப்படாத இரும்பினுடையது.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. டெஸ்பெரியாக்ஸமின் ஊசியும், டெபெரிப்ரோன், டெபெராசிராக்ஸ் மாத்திரைகளும் இரும்பை வெளியேற்றுகின்றன. இளமையிலேயே தொடங்கி இடைவிடாது கொடுத்தால் சுரப்பிகளைப் பெரும்பாலும் காக்கலாம். குறை கண்டவுடன் ஹார்மோன் சிகிச்சையும் செய்யலாம். காலங்கடந்தால் இழந்த உயரம் திரும்பாது.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியாவைத் தன் ஜாபிதாவில் சேர்த்தது. அரிவாள் அணு ரத்தசோகையை 2047-க்குள் ஒழிக்க 2023-ல் மத்திய சர்க்கார் ஒரு தேசிய இயக்கத்தை ஆரம்பித்தது. அவ்வியாதியும் குழந்தைகளின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துவதே. இவற்றை வரவேற்கிறோம். ஆனால், ஜாபிதாவில் பெயர் ஏறியதனால் எந்தக் குழந்தையும் ஓர் அங்குலம் வளர்ந்துவிடாது.

நாம் கேட்பது அதிகமன்று. ஆறு மாதத்துக்கொரு முறை உயரத்தை அளந்து குறிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கொரு முறை ரத்தத்தில் பெரிட்டின் அளவைப் பார்க்க வேண்டும். பத்து வயது முதல் வருஷந்தோறும் தைராய்டு, சர்க்கரை, கால்சியம் பரிசோதனைகள் நடைபெற வேண்டும். இரும்பை நீக்கும் மருந்து ஒரு மாதமும் தடைப்படலாகாது. இவையெல்லாம் தாலூகா ஆஸ்பத்திரியிலேயே கிடைக்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து தூரத்து நகரத்துக்கு அலைய வேண்டுமென்றால், ஏழைத் தகப்பன் எத்தனை மாதம் தாங்குவான்?

பொதுஜனங்களுக்கும் பொறுப்புண்டு. பெற்றோர் இருவரும் இவ்வியாதியின் கூறைத் தாங்கியிருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் குடும்பங்களில் அது அதிகம். ஜாதகம் பார்க்கும் நாம் ரத்தத்தையும் பார்த்தாலென்ன? சைப்ரஸ் தீவினர் விவாகத்துக்கு முன் பரிசோதனை செய்து இவ்வியாதியுடன் குழந்தை பிறப்பதையே அநேகமாக நிறுத்திவிட்டனர்.

ரத்ததானம் செய்யும் வாலிபர்கள் தங்கள் கடமையைச் செய்கிறார்கள். அவர்கள் காத்த உயிர் முழு மனிதனாக வளரும்படி செய்வது சர்க்காரின் கடமை. அதைச் சர்க்கார் தேன்கனிக்கோட்டையிலிருந்தே தொடங்கட்டும்.