குளிப்புக்காகக் கழற்றலாமா?

 

லண்டனில் கணவருடன் வாழும் நம் வாசகி ஒருவர் இரு பிள்ளைகளுக்குத் தாய். அடுத்த பேற்றைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட எண்ணி, மருத்துவர் தந்த கருத்தடை ஒட்டை அணிந்து வருகிறார். 'பேட்ச்' என வழங்கும் அதனைக் கடமையான குளிப்பின் போதெல்லாம் உரித்தெடுத்து, குளித்தபின் பிளாஸ்திரி வைத்து மீண்டும் ஒட்டிக்கொள்வாராம். "இது சரிதானா?" என வினவுகிறார். மார்க்கப் பேணுதலால் எழுந்த வினாவே. ஆயினும் அவர் செய்துவருவது தவறு.

தற்காலிகக் கருத்தடை கூடுமா என்பதில் நீண்டு பேச வேண்டியதில்லை. 'அஸ்ல்' குறித்து ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. கணவனும் மனைவியும் கலந்து இசைந்து, தீங்கு நேராத வழியில், தக்க தேவைக்காகப் பேற்றை இடைவெளிவிட்டுக் கொள்ளலாம் என 1988ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் முடிவு செய்துள்ளது.

இனி ஒட்டின் செய்தி. இதிலுள்ள இருவகை ஹார்மோன்கள் தோல் வழியே இரத்தத்தில் கலந்து, கருமுட்டை வெளிப்படுவதைத் தடுக்கின்றன. வாரத்திற்கு ஒன்றாக மூன்று வாரம் ஒட்ட வேண்டும். நான்காம் வாரம் ஒட்டின்றி இருக்க, உதிரப்போக்கு வரும். முறை தவறாது பயன்படுத்தினால் ஓராண்டில் நூறு பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே கரு உண்டாகும்.

ஆனால் அதன் பசை ஒருமுறை ஒட்டுவதற்கே உரியது. உரித்து ஒட்டினால் விளிம்பு எழும்பும். மருந்து சரிவர இறங்காது. பிளாஸ்திரி அதைப் பிடித்து வைக்குமே தவிர மருந்தை இறக்காது. விழுந்து 24 மணி நேரத்திற்குள் என்றால், பசை குறையாதிருப்பின் அதையே ஒட்டலாம். குறைந்திருப்பின் புதியது வேண்டும். அதற்கு மேல் ஆகிவிட்டால் புதிய ஒட்டுடன் முதல் வாரத்திலிருந்து தொடங்கி, ஏழு நாள் ஆணுறை போன்ற வேறு காப்பும் கொள்ள வேண்டும். நம் சகோதரி தாமதியாமல் கர்ப்பப் பரிசோதனை செய்து மருத்துவரைக் காண்பாராக.

ஒளூவுக்கு இடரில்லை. வயிறு, புட்டம், மேல்முதுகு, மேற்கையின் வெளிப்புறம் ஆகியவையே ஒட்டுமிடங்கள். மார்பில் ஒட்டலாகாது. குளிப்பில்தான் சிக்கல். நீர் உடல் முழுதும் படவேண்டுமே! காயக்கட்டின் சட்டத்தை இதற்கும் பொருத்துவோர் உளர். காயமில்லாத இடத்தில் அச்சலுகை இல்லை என்போரும் உளர். மாத்திரையும் காப்பர்-டியும் இருக்க, ஐயத்திற்கு இடமான ஒன்றை நாம் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் ஒட்டத் தொடங்கும் முன்பே கேளுங்கள்.

இன்னொரு தவறும் நிகழக்கூடும். ஹைளு நின்று குளித்த பின்னரே புதிய ஒட்டு என்று சிலர் காத்திருக்கலாம். ஒட்டில்லாத நாட்கள் ஏழைத் தாண்டவே கூடாது. எட்டாம் நாள் உதிரம் நிற்காவிடினும் ஒட்டியாக வேண்டும்.

நோன்பு இதனால் முறியாது. தோல் வழி உறிஞ்சப்படும் மருந்து ஒட்டுகள் நோன்பை முறிப்பதில்லை என 1997இல் ஜித்தாவில் அதே அகாடமி கூறியுள்ளது.

எல்லார்க்கும் இது ஏற்றதன்று. இரத்தம் உறைந்து நாளத்தை அடைக்கும் அபாயம் சிறிதெனினும் உண்டு. உயர் இரத்த அழுத்தம், பார்வை மங்கி வரும் ஒற்றைத் தலைவலி, கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய், முன்பு இரத்தம் உறைந்த வரலாறு உள்ளோர் தவிர்க்க வேண்டும். மகப்பேற்றிற்குப் பின் பாலூட்டுவோர் முதல் ஆறு வாரம் தொடவே கூடாது. பின்னரும் மருத்துவர் சொன்னாலன்றி வேண்டாம். உடல் எடை 90 கிலோவைத் தாண்டினால் பலன் குறையலாம். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின், வலிப்பு மாத்திரைகள் சில ஆகியவையும் இதன் வலிமையைக் கெடுக்கும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர்க் கடுந்தலைவலி கண்டால் ஒட்டைக் கழற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

ஒட்டுமிடத்தில் எண்ணெயோ பவுடரோ இருத்தலாகாது. நம் வீட்டு எண்ணெய்க் குளியல் அன்று இதை நினைவில் வையுங்கள். கழற்றிய ஒட்டிலும் மருந்து எஞ்சியிருக்கும். பசைப்புறம் உள்ளே வருமாறு மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் குப்பையில் சேருங்கள். கழிப்பறையில் போட வேண்டாம்.