பாகம் கிடைக்கும், பாடம் கிடைக்குமா?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ராணுவத்தில் உழைத்து ஓய்ந்த ஜீப்புக்கும் லாரிக்கும் இந்தப் பழமொழி நன்றாகவே பொருந்தும். ஏலத்தில் போன வண்டியைப் பிரித்து, பல்சக்கரம் ஒரு கடைக்கும் அச்சு இன்னொரு கடைக்கும் போய்ச் சேர்ந்த பிறகும் அதற்கு மதிப்பு குறைவதில்லை. அதே மாதிரி வண்டியைப் பழைய கோலத்தில் மீண்டும் ஓடவைக்க விரும்பும் ஒருவர், அந்தப் பாகத்தை எங்காவது தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

சென்னைக்காரர் காயலான் கடை என்பதைப் பெங்களூர்க்காரர் குஜரி என்பார். டில்லிக்காரர் கபாடி என்பார். பெயர் வேறானாலும் சரக்கு ஒன்றுதான். புதுப்பேட்டை, சிவாஜி நகர், மாயாபுரி, மேற்கு வங்கத்தின் பானாகர், பஞ்சாப் எல்லையை ஒட்டி அரியானாவில் உள்ள மண்டி டப்வாலி ஆகிய இடங்கள், பழைய ஜீப்பைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்குக் காசி, ராமேசுவரம் போல.

இதெல்லாம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, உழைத்துப் பிழைக்கிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பணம் வண்டிக்காரருடையது என்பது உண்மை. ஆனால் எஞ்சினைப் பிரித்துக் கட்டும் கை, லேத்தில் புஷ் கடையும் கை, தகரத்தைத் தட்டி வளைக்கும் கை எல்லாம் தொழிலாளியுடையவை. அந்தக் கைகளில் உள்ள வித்தை அழிந்தால் நஷ்டம் வண்டிக்காரருக்கு மட்டும் அல்ல.

கிடைப்பதும் கிடைக்காததும்

உலகப் போர்க் காலத்து ஜீப்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. பர்மாப் போர்முனைக்கு வந்தவற்றில் பல, போர் முடிந்தபின் இங்கேயே தங்கிவிட்டன. 1940-களின் கடைசியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. பின்னர் இங்கே பெருவாரியாக ஓடிய சி.ஜே.3பி ஜீப்பின் எஞ்சினும் போர்க்கால எஞ்சினின் வழிவந்ததே. இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் மூன்றே கால் அங்குலத்துக்கு அரைக்கால் குறைவு; ஸ்ட்ரோக் நாலே கால் அங்குலத்துக்கு அரைக்கால் அதிகம். இதனால்தான் 80 வருடத்துக்கு முந்தைய வண்டிக்கு இன்றும் நம் கடைத்தெருவில் பல பாகங்கள் அகப்படுகின்றன.

பேரிங்குக்கு அலையவே வேண்டாம். அதன்மேல் பொறித்துள்ள எண்தான் அதன் விலாசம். ஜீப்பின் முன்சக்கரத்துக்கு 18590, 18520 என்ற எண்களைச் சொன்னால் எந்த நாட்டுக் கடைக்காரரும் எடுத்துத் தருவார். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றையும் அளந்து கொண்டுபோனால் போதும்.

கிடைக்காதவை வேறு. ஒன்பது கண் கொண்ட போர்க்கால முன்தட்டு, நட்டுப் போட்டுப் பூட்டும் இரண்டு துண்டு ரிம், இரவில் எஞ்சினைப் பார்க்க வசதியாகத் திருப்பிக்கொள்ளும் முகவிளக்கு, விவரம் பொறித்த தகடு ஆகியவை அரிதாகிவிட்டன. அரிதான இடத்தில் போலியும் வரும். ஏழு கண் முன்தட்டு உள்ள பிற்கால ஜீப்புக்குப் பச்சை வண்ணம் பூசி, புதிதாக அடித்த தகட்டையும் ஒட்டி, பர்மாவுக்குப் போய்வந்த வண்டி என்று தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. போர்டு செய்த பாகங்களில், போல்ட் தலையில்கூட, அந்தக் கம்பெனியின் எழுத்து பொறித்திருக்கும். சட்டத்தின் முன்புறக் குறுக்குக் கம்பி வில்லிஸில் உருண்டைக் குழாய். போர்டில் கவிழ்த்துப் போட்ட தொட்டி போன்ற வடிவம். தெரிந்தவர் குனிந்து ஒரு தரம் பார்த்தால் போதும், பொய் நிற்காது.

தெரிந்தவர் என்பதுதான் இங்கே முக்கியமான சொல். போர்க்கால எஞ்சினில் காம்ஷாப்டைச் சங்கிலி சுழற்றியது. பின்னால் வந்தவற்றில் பல்சக்கரம் சுழற்றியது. சங்கிலியானால் காம்ஷாப்ட், கிராங்க் சுழலும் திசையிலேயே சுழலும். பல்சக்கரமானால் எதிர்த்திசையில் சுழலும். ஆகவே இரண்டுக்கும் ஆயில் பம்பு வேறு. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் புதியவருக்கு வித்தியாசம் தெரியாது. வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டும்போதுதான் காசு கரியானது புரியும்.

இதேபோல, அமெரிக்க வண்டிக்கு அங்குல ஸ்பானர், ஜபல்பூர் வண்டிக்கு மில்லிமீட்டர் ஸ்பானர் என்பதும் சின்ன விஷயம் அல்ல. அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டு உதைத்தால் முனை மழுங்கும். பிறகு உளி, பிறகு காஸ் கட்டிங். இப்படியே நல்ல பாகங்கள் எத்தனையோ பாழாயின.

நம் வண்டிக்குப் புத்தகம் இல்லை

இனி ஜபல்பூருக்கு வருவோம். ஜெர்மானிய நிறுவனமான மான் கொடுத்த உரிமத்தின் பேரில் 1959-ல் அங்கே சக்திமான் லாரி பிறந்தது. ஜப்பானின் நிசான் பேட்ரோல் வண்டியைத் தழுவி ஜோங்கா பின்னால் வந்தது. 6 சிலிண்டரும் ஏறக்குறைய 4 லிட்டர் கொள்ளளவும் கொண்ட பெட்ரோல் எஞ்சின் அது. 1971-ல் வங்கதேசப் போர் நடந்தபோது நம் ராணுவத்துக்குச் சுமை தூக்கிய வண்டிகளில் சக்திமானும் ஒன்று. இரண்டும் 1990-களோடு உற்பத்தியிலிருந்து மறைந்தன. ஓய்வுபெற்ற ராணுவத்தினர் பலருக்கு இந்தப் பெயர்களைக் கேட்டாலே நெஞ்சு நிமிரும்.

ஆனால் நடப்பது என்ன? அமெரிக்க ராணுவம் 1944-ல் ஜீப்புக்காக அச்சிட்ட டி.எம். 9-803 என்ற கையேடு இன்றும் மறுபதிப்பாக விலைக்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு நட்டுக்கும் எண் கொடுத்த ஜி-503 பாகப் பட்டியலும் அப்படியே. அந்த நாட்டு அரசாங்கம் அவற்றைப் பூட்டி வைக்கவில்லை. ஆகவே, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரில் செய்த ஜீப்பைப் பெங்களூர் மெக்கானிக் புத்தகத்தைப் பார்த்துப் பிரித்துக் கட்டலாம். நம் நாட்டில், நம் தொழிலாளர்கள் செய்த ஜோங்காவுக்கும் சக்திமானுக்கும் அப்படி ஒரு புத்தகம் எளிதில் கையில் அகப்படுவதில்லை. வெட்கப்பட வேண்டிய நிலை இது.

அந்தப் புத்தகம் இன்று யாரிடம் இருக்கிறது? ராணுவப் பட்டறைகளில் 30 வருடம் உழைத்து ஓய்வுபெற்ற பிட்டர்களின் நினைவில் இருக்கிறது. டிப்போவில் லெட்ஜர் எழுதிய குமாஸ்தாவின் நினைவில் இருக்கிறது. ஒரே பாகத்துக்குக் கம்பெனி எண் ஒன்று, ராணுவ எண் ஒன்று, கடைத்தெருப் பெயர் ஒன்று என மூன்று உண்டு. மூன்றையும் சேர்த்து அறிந்தவர் அந்தக் குமாஸ்தாதான். அல்சூரில் உள்ள ராணுவப் பட்டறையிலும் கிர்க்கியிலும் ஜபல்பூரிலும் இப்படி உழைத்தவர்களில் தமிழர்களும் உண்டு. அவர்களுக்கு இப்போது வயது எழுபது, எண்பது. அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க ஆள் இல்லை.

உயிர் போகும் விஷயம்

யோசனை சொல்ல ஆள் இல்லாவிட்டால் காசு மட்டும்தான் போகும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு துண்டு ரிம்மில் காற்றை முழுவதும் இறக்காமல் நட்டைக் கழற்றினால், ரிம் பிளந்து வந்து அடிக்கும். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும். முகமூடி இல்லாமல் தேய்க்கக் கூடாது. இருட்டில் ஒளிரும் பழைய ராணுவ அளவுமானிகள் சிலவற்றில் ரேடியம் பூசியிருப்பார்கள். அவற்றைத் திறந்து சுரண்டக் கூடாது. 2010-ல் டில்லி மாயாபுரியில், ஏலத்தில் வந்த ஆய்வுக்கூடக் கருவியொன்றைப் பிரித்தபோது கதிர்வீச்சு வெளிப்பட்டு ஒருவர் இறந்ததை மறக்க முடியாது. விற்றவர் சொல்லவில்லை, வாங்கியவருக்குத் தெரியவில்லை, மடிந்தவர் தொழிலாளி.

சட்டத்தின் குறை

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடத்துக்கு மேலான வண்டி, சட்டமும் உடலும் எஞ்சினும் மாறாமல் இருந்தால், 20,000 ரூபாய் கட்டணத்தில் 10 வருடப் பதிவு பெறலாம். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம். தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் இருசக்கர வாகனங்களும் கார் வகை வாகனங்களும் மட்டுமே இதில் அடங்கும். லாரிக்கு இடம் இல்லாததால் சக்திமானுக்கும் இடம் இல்லை. ராணுவ வண்டியோ, படையில் இருந்த காலமெல்லாம் அம்புக்குறி போட்ட ராணுவ எண்ணில் ஓடியது. ஏலத்தில் வெளியே வந்த பிறகுதான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவாகிறது. முதல் பதிவு என்பதை அந்த நாளிலிருந்து கணக்கிட்டால், 20 வருடம் எல்லையில் உழைத்தது கணக்கிலேயே வராமல் போகும்.

செய்ய வேண்டியது

பழைய ராணுவத் தளவாட ஆலைகள் 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை இப்போது ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ் உள்ளது. அந்த நிறுவனம், படையிலிருந்து நீங்கிவிட்ட வண்டிகளின் பாகப் பட்டியலையும் பழுதுபார்க்கும் கையேட்டையும் நியாயமான விலைக்கு வெளியிட வேண்டும். பாதுகாப்பு ரகசியம் என்று சொல்ல இதில் ஏதும் இல்லை. பீரங்கிக்கு வரைபடம் கேட்கவில்லை, கியர் பெட்டிக்குத்தான் கேட்கிறோம். வெளிநாட்டு உரிமம் குறுக்கே நிற்கிறது என்றால், நின்றுபோன மாடலுக்கு அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதுவது கஷ்டமான காரியம் அல்ல.

டிப்போக்களில் தேங்கிய உதிரிப் பாகங்களை டன் கணக்கில் இரும்பாக ஏலம் விடாமல், பெயரும் எண்ணும் குறித்துச் சின்னச் சின்ன லாட்டாக விற்றால் அரசாங்கத்துக்கும் கூடுதல் வருமானம். பதிவு விதியில் லாரிக்கும் இடம் தந்து, ராணுவ வண்டிக்குத் தயாரித்த வருடத்திலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும் கடமை உண்டு. பெயிண்ட்டுக்கும் டயருக்கும் கணக்குப் பார்க்காமல் செலவு செய்கிறவர்கள், யோசனை சொல்லும் முதிய மெக்கானிக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தால் போதும் என்று நினைப்பது நியாயம் அல்ல. அவருடைய யோசனைக்குக் கூலி கொடுக்க வேண்டும். அவர் சொல்வதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பக்கத்தில் ஓர் இளைஞனை நிறுத்திக் கற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும்.

இரும்பு துருப்பிடித்தாலும் சுரண்டிச் சரிசெய்யலாம். கை மறந்த வித்தையைச் சுரண்டி எடுக்க முடியாது. பெரியவர்கள் இருக்கும்போதே ஆவடியும் டில்லியும் விழித்துக்கொள்ளுமா?